ஜன்னல்: இல்லை

அடி அண்ணாமலை பால்வாடிக்குப் புதுக் கட்டடம் கிடைத்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள். சொன்னால் மட்டும் நம்புவார்களா என்பது வேறு விஷயம்.

ஜவ்வாது மலையில் குளிர் ஜாஸ்தி. அங்கே பால்வாடிக்கு வரும் சின்னப் பிள்ளைகள் மார்கழி, தை மாதங்களில் வெடவெடவென்று நடுங்குகின்றன என்று யாரோ ஒரு நல்ல மனிதர் மேலே எழுதிப் போட்டார். மேலே இருந்தவர்களும் அன்றைக்கு நல்ல மனிதர்களாக இருந்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாதபடி சுவர் வைத்துக் கட்டடம் கட்டித் தர ஒரு திட்டம் வந்தது. திட்டத்தை நடத்த வெப்பக் காப்பு வாரியம் என்று ஒன்று வந்தது. வாரியத்துக்கு மாவட்டத்தில் ஓர் அலுவலகமும், அலுவலகத்துக்கு ராஜமாணிக்கம் என்று ஓர் அலுவலரும், அலுவலருக்கு ஒரு ஜீப்பும் வந்தன. எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான், வளைவு வளைவாக மலை ஏறினால் ராஜமாணிக்கத்துக்கு வாந்தி வரும் என்பது தெரிந்தது.

அதனால் இடத்தை மாற்றினார்கள். விதிப்படி மாதம் ஓர் ஆய்வு நடக்க வேண்டும், சென்னையிலிருந்தும் பெரிய அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும். எங்கே கட்டினால் அவர்கள் தவறாமல் வருவார்கள் என்று ராஜமாணிக்கம் யோசித்தார். ரொம்ப யோசிக்கத் தேவைப்படவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாதிச் சென்னை கிளம்பி வந்து சுற்றுகிற பாதை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கிரிவலப் பாதையிலிருந்து இருபதடி தள்ளி, அடி அண்ணாமலையில், ஜவ்வாது மலைக்கான கட்டடம் எழுந்தது. அந்த வாரியத்தில் பௌர்ணமி தவிர்த்த வேறு நாளில் ஆய்வு நடந்ததாக ஒரு பதிவும் கிடையாது. மத்தியானம் ஆய்வு, சாயங்காலம் லாட்ஜில் குளியல், அப்புறம் கிரிவலம். பயணச் செலவு அரசாங்கத்துடையது, புண்ணியம் அவரவருடையது.

அந்தப் பால்வாடியில் எழிலரசி பதினோரு வருஷமாக டீச்சர். அதுவரை கோயில் மண்டபத்தில், நாலு பக்கமும் காற்று வர, இருபது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, மத்தியானம் சோறு போட்டு, பாய் விரித்துத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். மழை வந்தால் மட்டும் கஷ்டம். சொந்தக் கட்டடம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அந்தத் தேங்காயை நினைத்துப் பின்னால் பலமுறை வயிறெரிந்திருக்கிறாள்.

கட்டி முடித்துச் சாவி கைக்கு வந்த அன்றுதான் அவளை உள்ளே விட்டார்கள். நாலு சுவர். ஒவ்வொன்றும் இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவில் தெர்மாகோல். கதவு தடிப்பலகை, அதன் நாலு ஓரத்திலும் எறும்புகூடப் புகாதபடி ரப்பர் பட்டை. மேலே வெறும் சிமெண்ட் ஷீட்டு. ஜன்னல் என்று ஒன்று எந்தப் பக்கமும் இல்லை. மாசி மாதம்தான், காலை பத்து மணிதான், அதற்குள் உள்ளே இட்லிப் பானையின் மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது.

"ஜன்னல் வெக்க மறந்துட்டீங்களா சார்?" என்று கேட்டாள்.

சாவி கொண்டுவந்தவன் வாரியத்தின் இளநிலைப் பொறியாளன் அருண்பிரசாத். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தப்பு நடந்தால் முகம் சிவக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

"மறக்கல மேடம். கணக்குல எடம் வரல" என்றான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முழங்காலில் விரித்தான். மேலே 'படிவம் 9: சுவர் வழி வெப்ப இழப்புக் கணக்கீடு' என்று இருந்தது.

"சுவரு எவ்ளோ வேகமா சூட்ட வெளிய விடுதுங்கறதுக்கு ஒரு எண்ணு இருக்கு. சாதா செங்கல் சுவருக்கு ரெண்டு. நம்ம தெர்மாகோல் சுவருக்கு அரை. அத சுவத்தோட பரப்பால பெருக்கணும். நாலு பக்கமும் சேத்து அறுபத்தாறு சதுர மீட்டர். அப்புறம் உள்ள எத்தினி டிகிரி, வெளிய எத்தினி டிகிரி, அந்த வித்தியாசத்தால பெருக்கணும். வர்றதுதான் வெப்ப இழப்பு. அறுநூறு வாட்டத் தாண்டக்கூடாது."

"உள்ள எத்தினி, வெளிய எத்தினின்னு எப்ப அளந்தீங்க?"

"அளக்கல மேடம். அச்சடிச்சே வந்துடுச்சு. உள்ள இருபத்தொண்ணு. வெளிய நாலு."

எழிலரசி வெளியே பார்த்தாள். தார் ரோடு தண்ணீர் தெளித்த மாதிரி கானலில் மினுங்கியது. செருப்பில்லாமல் வலம் வந்த ஒரு வெளியூர்க் குடும்பம் நிழலுக்கு நிழல் தாவிக்கொண்டிருந்தது.

"நாலா?"

"ஜவ்வாது மலையில, மார்கழி மாசம், விடியக்காலையில. படிவம் அங்க கட்டறதுக்காகப் போட்டது. எடம் மாறிடுச்சு, படிவம் மாறல." அவன் தாளில் விரலை ஓட்டினான். "வித்தியாசம் பதினேழு. அரை, அறுபத்தாறு, பதினேழு, பெருக்கினா ஐநூத்தி அறுபத்தொண்ணு. பாஸ். நாலடிக்கு நாலடி ஒரே ஒரு ஜன்னல் வெச்சாக்கூட கண்ணாடிக்கு எண்ணு அஞ்சு. இன்னொரு நூத்திப் பதினாலு ஏறி அறுநூத்தி எழுபத்தஞ்சு ஆயிடுது. ஃபெயில்."

"கூரை? வெயில் மொத்தமும் கூரை வழியாதான எறங்குது?"

"கூரை இந்தப் படிவத்துல இல்ல மேடம். அதுக்கு வேற பிரிவு. அந்தப் பிரிவு இன்னும் ஆரம்பிக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "உண்மையச் சொன்னா, ஷீட்டு வழியா எறங்கற சூடு சுவரு வழியா வெளிய போயாவணும். நம்ம சுவரு வுடாது. ரொம்ப நல்ல சுவரு மேடம்."

எழிலரசிக்குச் சிரிப்பதா, அந்தத் தாளைக் கிழிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் சாவியை வாங்கிக்கொண்டாள். மண்டபத்தை ஏற்கெனவே கோயில்காரர்கள் பூட்டிவிட்டார்கள். கட்டடத்துக்குச் சான்று கிடைக்காவிட்டால் பால்வாடியை மூடிவிடுவோம் என்று வாரியம் எழுதியிருந்தது. பால்வாடி மூடினால் இருபது பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு இல்லை. அதில் பாதிப் பேருக்கு அதுதான் அன்றைய முதல் சோறு.

சோதனை பங்குனிப் பௌர்ணமியன்று நடந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு ராஜமாணிக்கம் ஜீப்பிலிருந்து இறங்கினார். நெற்றியில் பட்டை, கையில் கோப்பு. பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்கச் சொன்னார். கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டு முப்பது நிமிஷம் மூடி வைக்க வேண்டும், நடுவில் திறக்கக்கூடாது என்பது விதி.

"புள்ளைங்க எதுக்கு சார் உள்ள?" என்று எழிலரசி கேட்டாள்.

"நல்லா கேட்ட. படிவத்துல பன்னெண்டாவது வரியப் பாரு. 'உள்ளிருப்போர் வெப்பம், ஆயிரம் வாட்'. மனுச உடம்புல சூடு இருக்குதில்ல? ஒரு புள்ளைக்கு அம்பது வாட்னு போட்டிருக்கான். இருபது புள்ளைக்கு ஆயிரம். ஒவ்வொரு புள்ளையும் ஒரு ஹீட்டரும்மா! அரசாங்கத்துக்குக் கரண்டு மிச்சம். இத கண்டுபுடிச்சவனுக்குக் கையெடுத்துக் கும்பிடணும்."

கும்பிடும் பாவனையில் நெஞ்சருகே கையைக்கூடக் கொண்டுபோனார். எழிலரசி பிள்ளைகளோடு உள்ளே போனாள். வெப்பமானியைப் படிக்க அருண்பிரசாத்தும் போனான். ராஜமாணிக்கம் வெளியே புங்கமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டார், ஆய்வை மேற்பார்வையிட.

பத்தாவது நிமிஷம் பாட்டு நின்றுபோனது. பதினைந்தாவது நிமிஷம் நாற்பத்து மூன்று என்று அருண்பிரசாத் படித்தான். பிள்ளைகள் அழக்கூட இல்லை, அதுதான் எழிலரசியைப் பயமுறுத்தியது. "டீச்சர், சுவரு சுடுது" என்றாள் நாலு வயசு அருணாதேவி. எழிலரசி முந்தானையால் விசிறிக்கொண்டே கதவைத் தட்டினாள். தட்டியது இடித்தலாக மாறியது. ராஜமாணிக்கம் வெளியிலிருந்து "பொறுமை, பொறுமை" என்றார். இருபத்திரண்டாவது நிமிஷம் அருணாதேவி அவள் மடியில் தலை சாய்த்தாள். தூங்குகிறாள் என்று முதலில் நினைத்தாள். கன்னத்தைத் தட்டினால் கண் திறக்கவில்லை.

எழிலரசி போட்ட கூச்சல் ரோட்டுக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்து அருணாதேவியின் அம்மா தங்கம்மாள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். தங்கம்மாள் சித்தாள். இந்தக் கட்டடத்துக்கே செங்கல் சுமந்தவள். கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. குறுக்கே வந்த ராஜமாணிக்கத்தை ஒரு கையால் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள்.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்குதும்மா!" என்று அவர் கத்தினார்.

புங்கமரத்தடியில் பிள்ளையைக் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஈரத்துணியால் உடம்பெல்லாம் துடைத்தார்கள். அவள் கண் திறக்கிறவரை அங்கே யாரும் பேசவில்லை, ராஜமாணிக்கத்தைத் தவிர. அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பத்தொன்பது புள்ளைன்னா தொள்ளாயிரத்து அம்பது வாட்தான் வருது. கணக்கு உதைக்குதே. சோதனை செல்லாது. சித்திரைப் பௌர்ணமிக்கு இணை இயக்குநரே வர்றாரு. அன்னைக்கு இருபதும் முழுசா இருக்கணும்."

"யோவ்" என்றாள் தங்கம்மாள். "எம் பொண்ணு இன்னா உன் வூட்டு அடுப்பாய்யா?"

ராஜமாணிக்கம் கோப்பை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். அதற்கும் படிவத்தில் இடமில்லை போலிருக்கிறது.

மறுநாளே எழிலரசி ஒரு ஜன்னல் கேட்டு மனு எழுதிக்கொண்டு டவுனுக்குப் போனாள். வாரிய அலுவலகத்தில் ராஜமாணிக்கத்தின் அறைக்கு மட்டும் ஏசி. அதன் பின்பக்கம் வராந்தாவில் துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு நேர் கீழே மனு கொடுக்க வருகிறவர்களுக்கான பெஞ்சு. உள்ளே அவருக்கு வேண்டாத சூடெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் கொட்டியது. அந்த வெப்ப இழப்பை யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

பெஞ்சில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஜவ்வாது மலையிலிருந்து, மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாள். அவளும் பால்வாடி டீச்சர்தான். இருவரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள். மலைக்காரப் பெண் முதலில் பேசினாள்.

"சுவரெல்லாம் வேணாங்க சார். எங்க பால்வாடிக்கு ஒரு கதவு போட்டுக் குடுங்க. அது போதும். பனிக்காலத்துல சாக்கத் தொங்கவுட்டுக்கினு உக்காந்திருக்கோம். புள்ளைங்களுக்குச் சளி நிக்கவே மாட்டேங்குது."

ராஜமாணிக்கம் கோப்பைப் பார்த்தார். "உங்க மலைக்குத்தான் கட்டடம் முடிஞ்சிடுச்சேம்மா. அடி அண்ணாமலையில நிக்குது. போய்ப் பாத்துட்டுப் போ. நல்லா வந்திருக்கு."

அந்தப் பெண் எழிலரசியைப் பார்த்தாள். எழிலரசிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. தானே போய் அந்தக் கட்டடத்தைத் திருடிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி கூசியது.

"சார், எங்களுக்கு அந்தச் சூடு வெளிய போவணும் சார்" என்றாள். "உள்ள வெச்சுக் காப்பாத்த வேணாம். ஒரு ஜன்னல். நாலடிக்கு நாலடி."

ராஜமாணிக்கம் பேனாவை மூடி வைத்தார். பேசுவதற்கு முன்னால் அப்படிச் செய்வது அவர் வழக்கம்.

"ஜன்னல்னா இன்னாம்மா? சுவத்துல ஒரு ஓட்டை. ஓட்டை போடறதுக்கா அரசாங்கம் சுவரு கட்டுது? நீ நெனைக்கிற மாதிரி சூடு சும்மா வர்றதில்ல. அது நாட்டோட சொத்து. ஒரு வாட் வெப்பத்தக்கூட வீணா வெளிய விடாத மாவட்டம்னு நாம பேரு எடுக்கணும். மாநில விருதுக்கு நம்ம கட்டடத்ததான் எழுதியிருக்கேன். ஒரு புள்ள மயக்கம் போட்டுச்சு, ஒத்துக்கறேன். ஆனா யோசிச்சுப் பாரு, எதனால போட்டுச்சு? சூடு வெளிய போவல. அப்ப சுவரு வேலை செய்யுதுன்னுதான அர்த்தம்? அந்தப் புள்ளைக்கு நாம நன்றி சொல்லணும்."

எழிலரசி வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டினார்.

"வாயால சொல்றது எதுவும் செல்லாதும்மா. எதுவா இருந்தாலும் எழுத்துல குடு. இந்த ஆபீசுல வாய்மொழி உத்தரவும் கிடையாது, வாய்மொழி வேண்டுகோளும் கிடையாது. நானே சர்க்குலர் போட்டிருக்கேன்."

மனு எழுத்தில்தான் இருந்தது. அதன் மேல் 'ஏற்க இயலாது. வரம்பு 600, கோருவது 675' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மலைக்காரப் பெண், "உங்க புள்ளைங்க பாவம்" என்றாள். எழிலரசிக்கு அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது. வந்த அழுகை செங்கம் ரோட்டைத் தாண்டுவதற்குள் கோபமாக உறைந்து உள்ளே உட்கார்ந்தது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள், இனி பிள்ளைகளை அந்த அறைக்குள் வைத்து யார் தாழ்ப்பாள் போட்டாலும் அது தன் பிணத்தைத் தாண்டித்தான் என்று.

அந்த வருஷம் சித்திரைப் பௌர்ணமியும் கத்திரி வெயில் தொடங்கும் நாளும் ஒன்றாக வந்தன. மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்று வண்டிகள் வந்து நின்றன. இணை இயக்குநர் சக்கரவர்த்தி இறங்கினார். அவருக்குப் பின்னால் ராஜமாணிக்கம், இரண்டு கண்காணிப்பாளர்கள், மூன்று உதவியாளர்கள், ஒரு வரைவாளர், ஒரு போட்டோகிராபர். கடைசியாகக் கிரிவலத்துக்கென்று கூட வந்திருந்த இணை இயக்குநரின் சகலை, கையில் துண்டும் சோப்பு டப்பாவுமாக இறங்கினார். அவருக்கும் மாலை போட்டார்கள்.

பிள்ளைகள் இருபது பேரும் புங்கமரத்தடியில் பாயில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

"உள்ள கூட்டிட்டு வாம்மா, ஆரம்பிக்கலாம்" என்றார் ராஜமாணிக்கம்.

"வர மாட்டாங்க சார்" என்றாள் எழிலரசி.

"யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன். எழுத்துலயே சொல்றேன்." மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். 'பிள்ளைகளை உள்ளே அனுப்ப முடியாது. எழிலரசி' என்று இரண்டே வரி. ராஜமாணிக்கம் அதைப் பாம்பைப் பிடிப்பது போல ஓரத்தில் பிடித்தார்.

சக்கரவர்த்தி நெற்றியைச் சுருக்கினார். "விருதுப் பட்டியல் நாளைக்கு முடியுது மிஸ்டர் ராஜமாணிக்கம். இன்னைக்குச் சான்று போட்டாகணும். பன்னிரண்டாவது வரிக்கு ஆயிரம் வாட் எங்கிருந்து வரும்?"

அப்போது அருண்பிரசாத் முன்னால் வந்தான். முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"சார், அந்த வரியில புள்ளைங்கதான்னு இல்ல சார். 'உள்ளிருப்போர்'னுதான் இருக்கு. பெரியவங்களுக்கு ஆளுக்கு நூறு வாட். பத்து பேர் இருந்தா ஆயிரம் சரியா வந்துடும். நீங்க கரெக்டா பத்து பேரு இருக்கீங்க."

சக்கரவர்த்தி திரும்பித் தன் பரிவாரத்தை எண்ணினார். சகலையைச் சேர்த்தால் பத்து. அவர் முகத்தில் திருப்தி பரவியது. தனக்கு ஒரு பிள்ளையைப் போல இரண்டு மடங்கு மதிப்பு என்பது பிடித்திருந்தது போலும். ஆனாலும் ஒரு சந்தேகம் இருந்தது.

"இணை இயக்குநருக்கும் நூறுதானா?"

"படிவத்துல பதவி வாரியா பிரிக்கல சார்."

"அடுத்த பதிப்புல பிரிக்கணும், குறிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். மற்றவர்களும் வரிசைப்படி நுழைந்தார்கள். போட்டோகிராபர் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைசியாகப் போனார். எழிலரசி கதவை இழுத்து மூடினாள். ரப்பர் பட்டை சப்பென்று ஒட்டிக்கொண்டது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

முதல் ஐந்து நிமிஷம் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டாவது நிமிஷம் யாரோ இருமினார்கள். பதினோராவது நிமிஷம் கதவு தட்டப்பட்டது.

"ஏம்மா, கொஞ்சம் திறம்மா" என்றது ராஜமாணிக்கத்தின் குரல்.

"பொறுமை சார், பொறுமை" என்றாள் எழிலரசி.

பதினான்காவது நிமிஷம் தட்டுகிறவர்கள் ஜாஸ்தியானார்கள். "நான் இணை இயக்குநர் சொல்றேன், திற!"

"வாய்ல சொன்னா செல்லாதுங்க சார். ராஜமாணிக்கம் சார் சர்க்குலர் போட்டிருக்காரு. எழுத்துல குடுங்க."

உள்ளே காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு கதவடியில் எதையோ திணிக்கிற சத்தம். திணித்துத் திணித்துப் பார்த்தார்கள். நாலு ஓரமும் ரப்பர். காற்றே போகாத இடத்தில் காகிதம் எப்படி வரும்? "வரலைங்க சார்" என்றாள் அவள். "ஜன்னல் இருந்தா அது வழியா குடுத்திருக்கலாம்."

தங்கம்மாள் அருணாதேவியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். சகலையின் குரல் தனியாகக் கேட்டது. தான் அரசு ஊழியரே இல்லை, சாமி கும்பிட வந்தவன் என்று யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தது. எழிலரசிக்கு அந்த மனுஷன்மேல் மட்டும் கொஞ்சம் பரிதாபம் வந்தது. கை தாழ்ப்பாள்மேல்தான் இருந்தது. கண்ணைக் கடிகாரத்தைவிட்டு எடுக்கவில்லை. வேண்டுமென்றுதான் நின்றாள். அவளைக் கேட்டால் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வாள்.

இருபத்திரண்டாவது நிமிஷம் திறந்தாள்.

வந்தார்கள். பதவி வரிசை பார்க்காமல் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வந்தார்கள். சக்கரவர்த்தியின் மாலை வதங்கிக் கழுத்தில் ஒட்டியிருந்தது. ராஜமாணிக்கம் நாலு கால் பாய்ச்சலில் புங்கமரத்துக்குப் போய்ப் பிள்ளைகளின் பானையிலிருந்து தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு முன் ஆயிரம் வாட்டாக இருந்தவர்கள் பிள்ளைகளின் பாயில் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். அருணாதேவி இறங்கிப் போய், இணை இயக்குநரின் முகத்துக்கு நேரே தன் சின்ன விசிறியை ஆட்டினாள். அவளுக்குத் தெரியும், அது எப்படி இருக்கும் என்று.

"இப்பவாவது தெரியுதுங்களா சார்?" என்று எழிலரசி கேட்டாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. மனுஷன்தானே, உடம்பில் பட்டால் உறைக்காதா என்று நினைத்தாள்.

இளநீர் வந்தது. இரண்டு குடித்த பிறகு சக்கரவர்த்தி எழுந்து உட்கார்ந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு எல்லாரையும் பார்த்தார். பேசினார்.

"நண்பர்களே, இது ஒரு மகத்தான கட்டடம். நானே உள்ளே இருந்து அனுபவித்துச் சொல்கிறேன். பத்து பேரின் வெப்பத்தில் ஒரு துளிகூட வெளியே போகவில்லை. சோதனை முழு வெற்றி. இருபத்திரண்டு நிமிடம் என்று சிலர் சொல்லலாம். மீண்டும் சோதனை நடத்துவது மக்கள் வரிப்பணத்துக்குக் கேடு என்பதால், இதை முப்பது நிமிடம் என்றே பதிவு செய்கிறேன். மீண்டும் யாரும் உள்ளே போக வேண்டிய அவசியமில்லை. குறிப்பாக நாம் போக வேண்டியதில்லை. இதே மாதிரி இன்னும் பன்னிரண்டு கட்டடம் இந்தக் கிரிவலப் பாதையிலேயே கட்டப் பரிந்துரைக்கிறேன்."

படுத்திருந்தவர்கள் படுத்தவாக்கிலேயே கைதட்டினார்கள். அங்கேயே விருதுப் படிவம் நிரப்பப்பட்டது. 'ஜன்னல்: இல்லை' என்ற வரிக்குக் கீழே சக்கரவர்த்தி இரண்டு கோடு போட்டார்.

ஜீப்புகள் போன பிறகு எழிலரசி பிள்ளைகளின் பாய்களை உதறிச் சுருட்டினாள். தங்கம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"இன்னா டீச்சர், இப்புடியே வுட்டுடறதா?"

"சான்று வந்துடுச்சு தங்கம்மா. இனிமே பால்வாடிய மூட முடியாது அவங்களால."

"அப்ப இடிக்கலாமா?"

எழிலரசி அவளைப் பார்த்தாள். "நாலடிக்கு நாலடி" என்றாள்.

மறுநாள் காலை தங்கம்மாள் கடப்பாரையோடு வந்தாள். சுவரில் கரித்துண்டால் சதுரம் போட்டுக்கொண்டு, "நான் தூக்கிக் குடுத்த செங்கல்லு, எனக்குத் தெரியாதா எங்க தட்டணும்னு" என்றாள். பத்து மணிக்குள் வெளிச்சுவர் விழுந்தது. தெர்மாகோல் பனி மாதிரி பறந்தது. பிள்ளைகள் பிடித்து விளையாடினார்கள். உட்சுவர் விழுந்ததும் உள்ளே அடைந்து கிடந்த அனல் ஒரு பெருமூச்சு போல முகத்தில் மோதிவிட்டு வெளியே போனது. எதிர்ச்சுவரிலும் மேலே முழ அகலத்துக்கு ஒரு துளை போட்டாள். கூரைமேல் தென்னங்கீற்றுப் பரப்பிக் கட்டினார்கள். மலையிலிருந்து இறங்கிய காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று.

ஐந்தாம் நாள் குறிப்பாணை வந்தது. 'தாங்கள் வாரியச் சுவரில் திறப்பு ஏற்படுத்தி 114 வாட் வெப்பத்தை அனுமதியின்றி வெளியேற்றியதாகத் தெரியவருகிறது. அவ்வெப்பம் எங்கு சென்றது என்பதையும், தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதையும் ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும். ராஜமாணிக்கம்.'

எழிலரசி விளக்கம் எழுதினாள்.

'ஐயா, வெப்பம் வெளியேறியது உண்மை. 114 வாட் என்பது கம்மி. அதைவிட ஜாஸ்தி போயிருக்கும். எங்கே சென்றது என்று கேட்டிருக்கிறீர்கள். போக வேண்டிய இடத்துக்குத்தான் சென்றது. திரும்ப வேண்டுமானால் தங்கள் அலுவலக வராந்தாவில், மனு கொடுப்பவர்கள் உட்காரும் பெஞ்சின்மேல் தினமும் கொட்டுகிறது, அங்கே எடுத்துக்கொள்ளலாம். இங்கே மிச்சப்பட்டதாக ஏதாவது இருந்தால் அதை ஜவ்வாது மலைக்கு ஒரு கதவாக அனுப்பி வைக்கவும். தாங்களும் இருபத்திரண்டு நிமிஷம் உள்ளே இருந்தீர்கள். எனவே மேற்கொண்டு விளக்க என்னிடம் ஒன்றுமில்லை.'

பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை அருண்பிரசாத் ஒருநாள் சைக்கிளில் வந்து சொன்னான். அதற்குள் விருது அறிவித்துவிட்டார்கள். ஜன்னலே இல்லாத கட்டடம் என்பதற்காகத்தான் விருது. ஜன்னல் வைத்ததற்காக எழிலரசியைத் தண்டித்தால் ஜன்னல் இருப்பதாக ஆகிவிடும். அதனால் குறிப்பாணையை எழுதவே இல்லை என்று ஒரு குறிப்பு எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். பன்னிரண்டு புதுக் கட்டடங்களுக்கு அளவு எடுக்க ஆள் வந்தாயிற்று. மலைக்குக் கதவு போகவில்லை.

வைகாசிப் பௌர்ணமிக்கு ராஜமாணிக்கம் வழக்கம்போல ஆய்வுக்கு வந்தார். கதவுப் பக்கமே போகவில்லை. மத்தியான வேளை, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் நேரே ஜன்னலுக்கு வந்தார். தங்கம்மாள் பூசி வழவழப்பாக்கிய விளிம்பில் கோப்பை வைத்து, முழங்கையை ஊன்றி, உள்ளே எட்டிப் பார்த்து எண்ணினார். இருபது. குறித்துக்கொண்டார். உள்ளிருந்து வந்த காற்றில் தாள் படபடத்தது. அதை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஜன்னல்…" என்றான் பக்கத்தில் நின்ற அருண்பிரசாத்.

"ஏது ஜன்னல்?" என்று கேட்டுவிட்டு, ராஜமாணிக்கம் அந்த ஜன்னலில் சாய்ந்தபடியே 'ஜன்னல்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஓரத்துப் பாயில் அருணாதேவி புரண்டு பாதிக் கண்ணைத் திறந்தாள்.

"யாரு டீச்சர் அது, ஜன்னல்ல?"

எழிலரசி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"யாருமில்ல. தூங்கு."